பன்னிரண்டு தந்திக்கு எந்தக் கம்ப்ரஸர்? ஒரு பெடல் தேர்வின் நிகழ்வு ஆய்வு

12 தந்தி எலக்ட்ரிக் கிட்டார் வாங்கியவர்களில் பலருக்கு முதல் வாரத்திலேயே ஓர் ஏமாற்றம் காத்திருக்கும். சலங்கையைக் குலுக்கியதுபோல 'கலீர்' என்று விழுந்து, அப்படியே காற்றில் நிற்கும் ஒலியை நினைத்துத்தான் வாங்கியிருப்போம். ஆம்ப் என்ற ஒலிபெருக்கியில் செருகி வாசித்தால் 'டொக்' என்று ஓர் அடி, அப்புறம் ஒன்றுமில்லை. எனக்கும் அப்படித்தான் ஆனது. என்னுடையது இந்த ஒலிக்குப் பேர்போன ரிக்கன்பேக்கர் கிட்டார் அல்ல. தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பிக்கப்கள் இரண்டு, ஒற்றைச் சுருள் (சிங்கிள் காயில்) வகையில் கொண்ட, விலை குறைந்த கிட்டார். ரிக்கன்பேக்கர் இல்லாததுதான் குறை என்று சில மாதங்கள் நம்பிக்கொண்டிருந்தேன்.

நோய் எது என்று முதலில் சரியாகச் சொன்னவன் எங்கள் குழுவில் பேஸ் வாசிக்கும் நண்பன். பயிற்சி முடிந்து கேபிளைச் சுருட்டும்போது சொன்னான்: "டேய், நீ வாசிக்கிறது எனக்குக் கேக்காம இல்ல. ஆனா முதல் அடி மட்டும்தான் கேக்குது. அப்புறம் எங்க போகுதுன்னே தெரியல." சத்தம் போதவில்லை என்று நினைத்து அதுவரை நான் வால்யூமைத்தான் கூட்டிக்கொண்டிருந்தேன். ஸ்வரத்தின் தலை போதுமான அளவு இருந்தது, வால்தான் இல்லை.

வாலை நீட்டும் கருவி கம்ப்ரஸர். ஒலி ஒரு வரம்பைத் தாண்டினால் அதை அமுக்கும். ஒலி தணியத் தணிய அமுக்குவதைத் தளர்த்தும். பிறகு மொத்தத்தையும் தூக்கிக் கொடுக்கும்போது மெல்லிய வால் பகுதி மேலே வந்துவிடும். இவ்வளவு தெரிந்ததும் கடைக்குப் போய், கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே காலடியில் வைக்கும் ஒரு கம்ப்ரஸர் பெடல் வாங்கினேன். அது சரிவரவில்லை. ஏன் சரிவரவில்லை என்று தேடப்போய்தான், இந்த ஒலி முதலில் எப்படிப் பிறந்தது என்பதைப் படித்தேன். எனக்குத் தேவையான விடை முழுவதும் அங்கேதான் இருந்தது.

1965, ஹாலிவுட்

ரிக்கன்பேக்கர் 360/12 மாதிரியின் ஆரம்பப் பிரதிகளில் ஒன்று 1964 பிப்ரவரியில் நியூயார்க்கில் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் கைக்குப் போனது. அதே ஆண்டு வெளிவந்த பீட்டில்ஸ் படத்தில் அதைப் பார்த்த, அமெரிக்காவின் பேர்ட்ஸ் ராக் குழுவின் கிட்டாரிஸ்ட் ரோஜர் மெக்வின் தானும் ஒரு 360/12 வாங்கினார். அப்போது அவர் பெயர் ஜிம் மெக்வின். நாட்டுப்புற இசைப் பின்னணியிலிருந்து வந்தவர், பாஞ்சோ வாசித்துப் பழகிய விரல்கள். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தந்தியை மீட்டும் தட்டையான பிக், நடுவிரலிலும் மோதிர விரலிலும் உலோக விரல் பிக். தந்திகளை ஒவ்வொன்றாக வேகமாக அடுத்தடுத்து மீட்டும் பாஞ்சோவின் உருட்டல் வாசிப்பை 12 தந்திக்குக் கொண்டுவந்தார். இந்த உருட்டல் பெடல் தேர்வில் முக்கியமான விஷயம், பின்னால் வருகிறேன்.

1965 ஜனவரி 20 அன்று, கொலம்பியாவின் ஹாலிவுட் ஸ்டுடியோவில், பாப் டிலன் எழுதிய 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாடலை பேர்ட்ஸ் குழு பதிவுசெய்தது. தயாரிப்பாளர் டெர்ரி மெல்ச்சர். குழுவில் மெக்வின் மட்டுமே அன்று வாத்தியம் வாசித்தார். மற்றவை அனுபவமுள்ள ஸ்டுடியோ கலைஞர்களின் கை. ஏப்ரலில் வெளிவந்த அந்தத் தட்டு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. பாட்டின் வரியில் வரும் 'ஜிங்கிள் ஜாங்கிள்' என்ற சொல்லே இந்த ஒலிக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது.

இனி மெக்வின் பின்னாளில் பேட்டிகளில் விளக்கிய பகுதி. ரிக்கன்பேக்கர் தானாக மணிபோல ஒலிப்பதில்லை, மொத்தென்றுதான் இருக்கும் என்கிறார். ஒலிப்பதிவுப் பொறியாளர் ரே கெர்ஹார்ட், ராக் இசையின் சத்தத்தில் தன் கருவிகள் கெட்டுவிடக் கூடாது என்று எல்லாவற்றையும் கம்ப்ரஸர் வழியாகவே அனுப்பினாராம். கிட்டாரும் அப்படிப் போனது. கேட்டுப் பார்த்தால் ஒலி அபாரமாக இருந்தது. சரி, இன்னும் ஒன்றைச் சேர்ப்போம் என்று இரண்டு டியூப் கம்ப்ரஸர்களை வரிசையாக இணைத்து, ஆம்பே இல்லாமல் நேரடியாக ஒலிப்பதிவு மேசைக்குள் அனுப்பினார்கள். ஒரு ஸ்வரத்தை மூன்று நான்கு விநாடி பிடித்து நிறுத்த முடிந்தது. அந்த நீளம் கிடைத்ததால்தான் 1966 இல் 'எய்ட் மைல்ஸ் ஹை' பாடலில் ஜான் கோல்ட்ரேனின் சாக்ஸபோன் மூச்சைக் கிட்டாரில் பின்பற்ற முடிந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இதைப் படித்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. அந்த ஒலியில் கிட்டாரின் பங்கு பாதிதான். மீதிப் பாதி, கருவிகளைக் காப்பாற்ற நினைத்த ஒருவரின் முன்ஜாக்கிரதையில் கிடைத்தது. ரிக்கன்பேக்கர் இல்லாதவனுக்கும் வழி இருக்கிறது.

அந்தப் பெட்டிக்குள் என்ன நடந்தது

அந்த இரண்டு கம்ப்ரஸர்களும் டெலட்ரானிக்ஸ் எல்ஏ-2ஏ ரகம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். இதன் உள்ளே இருப்பது ஒளி. கிட்டார் ஒலி பெரிதானால் ஒரு சிறிய ஒளித்தகடு பளிச்சிடும். எதிரே இருக்கும் ஒளியுணர் மின்தடை அதைப் பார்த்து ஒலியைக் குறைக்கும். முன்பக்கம் முக்கியமாக இரண்டே குமிழ்: எவ்வளவு அமுக்க வேண்டும், எவ்வளவு தூக்க வேண்டும். அட்டாக் (அமுக்கத் தொடங்க ஆகும் நேரம்), ரிலீஸ் (அமுக்குவதை விட ஆகும் நேரம்) என்று தனியாகத் திருகுவதற்கு ஒன்றும் கிடையாது. அந்த நேரங்களை ஒளியும் அந்தப் பொருளுமே தீர்மானிக்கின்றன.

அட்டாக் சுமார் 10 மில்லி விநாடி. ரிலீஸ் இரண்டு கட்டமாக நடக்கும்: பாதி தளர்வு 60 மில்லி விநாடியில் முடிந்துவிடும், மீதி, முன்பு எவ்வளவு நேரம் எவ்வளவு பலமாக அமுக்கியது என்பதைப் பொறுத்து அரை விநாடியிலிருந்து 5 விநாடி வரை மெதுவாக நடக்கும். இந்தக் கணக்குகளை 12 தந்தியோடு பொருத்திப் பார்க்க வேண்டும்.

10 மில்லி விநாடி என்றால் பிக் தந்தியில் படும் 'டிக்' தப்பித்து வெளியே வந்துவிடும். அமுக்கல் அதற்குப் பின்னால்தான் முழுதாக விழும். அந்த 'டிக்'தான் சலங்கை ஒலியின் ஓரம். அது மழுங்கினால் 12 தந்தி வெறும் கோரஸ் பெடல் போட்ட கிட்டார்போல ஆகிவிடும். அடுத்தது 60 மில்லி விநாடி. நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஓர் அடிக்கு இரண்டு ஸ்வரம் வாசித்தால், ஸ்வரத்துக்கு ஸ்வரம் 250 மில்லி விநாடி இடைவெளி. பாதித் தளர்வு அதற்குள் முடிந்து, ஒவ்வொரு ஸ்வரமும் அடி விழுந்த பிறகு கொஞ்சம் மலர்வதுபோல் மேலெழும். மெக்வினின் உருட்டலில் காதுக்கு இதமாக இருப்பது இந்த மலர்ச்சிதான். ரிலீஸ் ஒரு விநாடி எடுக்கும் கருவியாக இருந்தால், அடுத்தடுத்த ஸ்வரங்கள் வந்து விழுந்துகொண்டே இருக்க, அது மூச்சுவிடவே நேரமிருக்காது. எல்லாவற்றையும் ஒரே அளவில் குறைத்து வைத்திருக்கும். மலர்ச்சி இருக்காது.

இரண்டு ஏன்? வரிசையாக வைக்கும்போது இரண்டின் விகிதங்களும் பெருக்கிக்கொள்ளும். ஒரு ஸ்வரம் மூன்று விநாடியில் 30 டெசிபெல் (ஒலி அளவின் அலகு) இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 3:1 விகிதத்தில் அமுக்கும் ஒரு கம்ப்ரஸர் அதை 10 டெசிபெல் இறக்கமாக மாற்றும். அதே போன்ற இன்னொன்று அந்தப் பத்தையும் சுமார் 3 டெசிபெலாக்கும். காதுக்கு அது இறங்காத ஸ்வரம். ஒரே கருவியில் 9:1 வைத்தால் என்ன என்று கேட்கலாம். அப்போது ஒரே பெட்டி மொத்த வேலையையும் செய்ய வேண்டும். அமுக்குவதும் விடுவதும் காதுக்குத் தெரிந்துவிடும். இரண்டாகப் பிரித்துக்கொண்டால் தெரியாது.

என் முதல் பெடல் ஏன் தோற்றது

நான் முதலில் வாங்கியது ஓடிஏ வகை, அதாவது ஒளிக்குப் பதில் ஓடிஏ என்ற பெருக்கிச் சில்லால் அமுக்குவது. 1970களில் வந்த எம்எக்ஸ்ஆர் டைனா காம்ப், ராஸ் கம்ப்ரஸர் ஆகியவற்றின் வழியில் இன்றைக்குப் பலரும் செய்யும் சர்க்யூட். இரண்டு குமிழ்தான். ஆறு தந்தி கிட்டாரில், குறிப்பாக அமெரிக்கக் கன்ட்ரி பாணியில் தந்தியைச் சுண்டி வாசிக்கும்போது, அது அருமையாக இருக்கும். நான் வாங்கிய பெடலில் 12 தந்தியில் மூன்று தொல்லை வந்தது.

ஒன்று, மேல் ஸ்தாயியின் பளபளப்பு குறைந்தது. டோன் குமிழ் இல்லாததால் அதை மீட்க வழியில்லை. இரண்டு, இரைச்சல். கம்ப்ரஸர் வாலைத் தூக்கும்போது வாலோடு சேர்ந்து பிக்கப்பின் உறுமலும் மேலே வருகிறது. சிங்கிள் காயில் பிக்கப், எர்த் சரியில்லாத பிளக் பாயின்ட் இரண்டும் சேர்ந்தால், ஸ்வரம் தணியும்போதெல்லாம் பின்னாலிருந்து ஒரு 'ஹ்ம்ம்' எழுந்து வரும். மூன்றாவதுதான் பெரியது: தடித்த ஈ தந்தியை அடித்தால் மெல்லிய தந்திகள் அத்தனையும் சேர்ந்து அமுங்கின.

இந்த மூன்றாவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 12 தந்தியில் கீழிருக்கும் ஈ, ஏ, டி, ஜி ஆகிய நான்கு ஜோடிகளில் ஒன்று தடித்தது, இன்னொன்று ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் மெல்லியது. பி, மேல் ஈ இரண்டும் ஒரே ஸ்வர ஜோடி. இவற்றில் ஜி ஜோடியின் மெல்லிய தந்திதான் திறந்த தந்திகளிலேயே உச்சம், 392 ஹெர்ட்ஸ். மேல் ஈ தந்தியையே தாண்டிப் போகிறது. சலங்கை ஒலியின் பெரும்பகுதி அந்த ஒரு மெல்லிய கம்பியிலிருந்து வருகிறது. மெக்வின் பெயரில் மார்ட்டின் நிறுவனம் செய்த ஏழு தந்தி அக்கூஸ்டிக் கிட்டாரில் கூடுதலாகச் சேர்த்த ஒரே தந்தியும் இதுதான்.

கம்ப்ரஸருக்கு இந்த நியாயமெல்லாம் தெரியாது. எது பலமாக வருகிறதோ அதைப் பார்த்து மொத்தத்தையும் அமுக்கும். தடித்த தந்தி எப்போதும் பலமாக வரும். ஆக, யாரைத் தூக்கிவிட வேண்டுமோ அவரையே சேர்த்து அமுக்குகிறது. ரிக்கன்பேக்கரில் இன்னொரு வேறுபாடும் உண்டு. பெரும்பாலான 12 தந்திகளில் கீழ்நோக்கி அடிக்கும்போது மெல்லிய தந்தி முதலில் படும். ரிக்கன்பேக்கரில் தடித்தது முதலில், மெல்லியது அடுத்து. எனவே அதன் அடியில் கனம் முன்னே, மினுக்கம் பின்னே.

அப்படியானால் 1965 இல் தடித்த தந்தி ஏன் எல்லாவற்றையும் அமுக்கவில்லை? எனக்குத் தெரிந்தவரை விடை, அன்றைய ரிக்கன்பேக்கருக்குள் இருந்த ஒரு சின்ன கெப்பாசிட்டர். பிரிட்ஜ் பிக்கப்போடு (தந்திகள் முடியும் பக்கம் இருக்கும் பிக்கப்) தொடராக 0.0047 மைக்ரோஃபேரட். அது கீழ் ஸ்தாயியை வடிகட்டிவிட்டு மேல் ஸ்தாயியை மட்டும் தாராளமாக வெளியே விடும். அதாவது, கம்ப்ரஸரை அடையும் முன்பே கனம் கழிந்துவிட்டது. கம்ப்ரஸர் வேலை செய்ததெல்லாம் மினுக்கத்தின் மேல்.

இதைப் புரிந்துகொண்ட மறுநாளே எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனேன். '472' என்று எண் போட்ட கெப்பாசிட்டர் கேட்டால் தருவார்கள். 4700 பிக்கோஃபேரட், அதுதான் 0.0047. விலை சில ரூபாய். பிரிட்ஜ் பிக்கப்பின் சிக்னல் வயரை வெட்டி நடுவே சால்டர் செய்தேன். கம்ப்ரஸர் இல்லாமல் கேட்டால் ஒலி மெலிந்து, தகரம்போல இருந்தது. தப்பு செய்துவிட்டோமோ என்று கூடத் தோன்றியது. கம்ப்ரஸரைப் போட்டதும் எல்லாம் மாறிவிட்டது. அதே பழைய பெடல்தான், ஆனால் மெல்லிய தந்திகள் முதல்முறையாகத் தலைநிமிர்ந்து நின்றன. இந்த முழு முயற்சியிலும் மிகப் பெரிய மாற்றத்தைக் கொடுத்தது அந்தச் சில ரூபாய் கெப்பாசிட்டர்தான் என்று அடித்துச் சொல்வேன். கிட்டாரை வெட்ட மனமில்லாதவர்கள் கம்ப்ரஸருக்கு முன்னால் ஓர் ஈக்வலைசர் பெடல் வைத்துக் கீழ் ஸ்தாயியைக் குறைத்தாலும் கிட்டத்தட்ட அதே பலன். கம்ப்ரஸருக்குப் பின்னால் வைத்துக் குறைத்தால் பயனில்லை. அமுங்க வேண்டியது அதற்குள் அமுங்கியிருக்கும்.

கடையில் இருப்பவை

இனிப் பெடல்கள். எந்த வகை என்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், ஆனால் வகை நிறையச் சொல்லும்.

டைனா காம்ப் வழி வந்த ஓடிஏ பெடல்களில், பழைய இரண்டு குமிழ் வடிவத்தை 12 தந்திக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதே குடும்பத்தில் பிளெண்டு குமிழ் உள்ளவை வேறு கதை. சோட்டிக் எஸ்பி, வாம்ப்ளர் ஈகோ போன்றவற்றில் அமுக்கிய ஒலியோடு அமுக்காத ஒலியையும் கலந்துகொள்ளலாம். பிக்கின் 'டிக்' அமுக்காத பக்கத்தின் வழியே முழுசாக வந்துவிடும். வால் அமுக்கிய பக்கத்திலிருந்து வரும். ஈகோவில் டோன், அட்டாக் குமிழ்களும் உண்டு.

பாஸ் சிஎஸ்-3 எங்கும் கிடைப்பது, டோனும் அட்டாக்கும் கொண்டது. அட்டாக் குமிழைப் பயன்படுத்திப் பிக் ஒலியைத் தப்பவிடலாம், டோனைக் கூட்டிப் பளபளப்பை மீட்கலாம். டோனைக் கூட்டினால் இரைச்சலும் கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

ஒரிஜின் எஃபெக்ட்ஸின் காலி76, 1967 இல் வந்த 1176 ஸ்டுடியோ கம்ப்ரஸரை அடியொற்றியது. 1176 இன் அட்டாக் மில்லி விநாடிக்கும் குறைவு, 20 முதல் 800 மைக்ரோ விநாடி. அற்புதமான கருவி. ஆனால் 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பதிவுக்கு இரண்டு ஆண்டு கழித்து வந்தது. அந்த ஒலியில் அதற்குப் பங்கில்லை. அத்தனை வேகமான பிடி பிக் ஒலியையும் சேர்த்துப் பிடித்துவிடும் என்பதால், அட்டாக்கை மெதுவான பக்கம் வைத்தே பயன்படுத்த வேண்டும்.

மெக்வின் ஒலிக்கென்றே பிறந்த பெடலும் உண்டு: ஜாங்கிள்பாக்ஸ். மேடையில் ஸ்டுடியோ கம்ப்ரஸரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்ற பிரச்சினைக்கு, 1988 இல் ரிக்கன்பேக்கர் மெக்வின் பெயரில் வெளியிட்ட 370/12 கிட்டாருக்குள்ளேயே ஒரு கம்ப்ரஸர் சர்க்யூட்டை வைத்திருந்தார்கள். ஜாங்கிள்பாக்ஸ் அதே தேவையைக் கிட்டாருக்கு வெளியே தீர்க்கிறது. இந்த ஒரு ஒலி மட்டும் போதும் என்பவர்கள் நேராக அதற்கே போகலாம். என் கிட்டார் மற்ற பாட்டுகளுக்கும் உழைக்க வேண்டும், அதனால் நான் போகவில்லை.

மிச்சம் இருப்பது ஒளி வகை. பெடல்களில் எல்ஏ-2ஏயின் ஒளித்தகடு இருக்காது, எல்இடியும் ஒளியுணர் மின்தடையும் இருக்கும். அதனால் அந்தப் பழைய பெட்டியின் நீண்ட நினைவாற்றல் அப்படியே வந்துவிடாது. ஆனாலும் பிடிப்பதிலும் விடுவதிலும் உள்ள மென்மை அதே சாயல்தான். கனடாவின் டைமண்ட் நிறுவனத்தின் மஞ்சள் கம்ப்ரஸர் இந்த வகை. அதன் ஈக்யூ குமிழ் 900 ஹெர்ட்ஸை அச்சாக வைத்துத் தராசுபோலச் சாயும்: மேல் ஸ்தாயி ஏறினால் கீழ் ஸ்தாயி இறங்கும். 12 தந்திக்கு இதைவிடப் பொருத்தமான ஒற்றைக் குமிழ் எனக்குத் தெரியாது. அதையே வாங்கினேன்.

இரண்டாவது பெட்டி

டைமண்டை மட்டும் வைத்து வாசித்தபோது எண்பது சதவீதம் வந்துவிட்டது. மீதிக்காக, அமுக்கும் அளவைக் கூட்டும் கம்ப் குமிழை மேலே மேலே திருப்பினேன். ஸ்வரம் நீண்டது, கூடவே ஒலி மூச்சுவாங்க ஆரம்பித்தது. அப்போதுதான் ஹாலிவுட் வழியையே பின்பற்றுவோம் என்று, பிளெண்டு குமிழ் உள்ள ஒரு சின்னப் பெடலை இரவல் வாங்கி அதற்கு முன்னால் வைத்தேன்.

வரிசையில் முன்னால் இருக்கும் இரவல் பெடல் வேகமானது, லேசான வேலை: பலத்த அடிகளின் உச்சியை மட்டும் தட்டும், பிளெண்டு பாதிக்குக் கொஞ்சம் கீழே. இரண்டாவதாக டைமண்ட், கம்ப் நடுவைத் தாண்டிக் கடிகார முள் ஒரு மணியில் நிற்கும் நிலை வரை, ஈக்யூ லேசாக மேல் ஸ்தாயிப் பக்கம். தனித்தனியே கேட்டால் இரண்டும் பெரிதாக ஒன்றும் செய்வதாகத் தெரியாது. சேர்த்துப் போட்டதும் டி கார்டைப் பிரித்து உருட்டினேன். ஒவ்வொரு ஸ்வரமும் விழுந்து, மலர்ந்து, அடுத்ததன் மேல் சாய்ந்துகொண்டு நின்றது. நண்பன் பேஸைக் கீழே வைத்துவிட்டு, "இதுதாண்டா, இதுதான்" என்றான்.

இரண்டு அடுக்கு வந்ததும் புதிதாக ஒன்று வெளிப்பட்டது: சுருதி. வால் குறுகலாக இருந்தபோது கேட்காத பிசிறெல்லாம் இப்போது மூன்று விநாடி நின்று கேட்கிறது. ஜோடித் தந்திகளுக்குள் மிக நுண்ணிய விலகல் இருந்தால் ஒலி நீர்மேல் வெயில்போல மினுங்கும். அதைத் தாண்டினால் புளிக்கும். அதனால் இப்போது டியூனரை ஒவ்வொரு பாட்டுக்கும் இடையில் பார்க்கிறேன். டியூனரில் ஜோடியைச் சேர்த்து அடித்தால் அது குழம்பும். ஒரு தந்தியை விரலால் அடக்கிக்கொண்டு மற்றதைச் சரிசெய்ய வேண்டும்.

இரைச்சலுக்கு இரண்டு விஷயம் உதவின. பெடல்கள் இரண்டுக்கும் தனித்தனியாகப் பிரித்த வெளியீடு உள்ள பவர் சப்ளை. கிட்டாரிலிருந்து முதல் பெடல் வரை மூன்று மீட்டர் கேபிள், முன்பு ஆறு மீட்டர் வைத்திருந்தேன். கேபிள் நீள நீள மேல் ஸ்தாயி கேபிளிலேயே கரைந்துபோகும். கரைந்ததைப் பின்னால் டோன் குமிழால் மீட்கப் பார்த்தால் இரைச்சல்தான் முதலில் வரும்.

ஆம்ப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1965 இல் ஆம்பே இல்லை, நேரடியாக மேசைக்குள். எனவே ஆம்ப் வாங்க வசதியில்லாமல், கம்ப்யூட்டரில் ஆடியோ இன்டர்ஃபேஸில் செருகி ஹெட்போனில் வாசிக்கும் ஒருவர் இந்த ஒரு விஷயத்தில் எங்களைவிட மெக்வினுக்கு நெருக்கமாக இருக்கிறார். அவர்களிடம் பெடல் வாங்கச் சொல்லவே மாட்டேன். எல்ஏ-2ஏயைப் பின்பற்றும் மென்பொருள்கள் கிடைக்கின்றன. அதில் இரண்டை வரிசையாகப் போட்டு, அதற்கு முன்னால் கீழ் ஸ்தாயியை வெட்டிவிட்டு, இன்றைக்கே கேட்டுப் பார்க்கலாம். ஆம்ப் வழியாக வாசிப்பவர்கள் அதன் ஒலி கரகரத்து உடையாத அளவில், சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். உடையத் தொடங்கிய ஆம்ப் தானே மூன்றாவது கம்ப்ரஸராகிவிடும்.

இரவல் வாங்கிய பெடலைத் திருப்பிக் கொடுக்கும் நாள் நெருங்குகிறது. அதற்குள் அதே போன்ற ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். முதலில் வாங்கி ஒதுக்கிவைத்த அந்த இரண்டு குமிழ் பெடல் இப்போது ஆறு தந்தி கிட்டாரோடு இருக்கிறது, அங்கே நன்றாகவே உழைக்கிறது.